பாதிக்குப் பாதி என்றால் என்ன பொருள்? எக்மோவில் இருக்கும் பச்சிளங்குழந்தையும் பிழைப்புக் கணக்கும்

குடலிறக்கம் என்றதும் குடல் கீழே இறங்குவதுதான் நினைவுக்கு வரும். பிறவியிலேயே வரும் உதரவிதானக் குடலிறக்கத்தில் நடப்பது நேர்மாறு, குடல் மேலே ஏறுகிறது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசைத்தட்டுக்கு உதரவிதானம் என்று பெயர். உதரத்துக்கு மேல் கட்டிய விதானம். கரு உருவாகி எட்டாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள் அந்த விதானம் முழுதாக மூடிவிட வேண்டும். சில கருக்களில் பின்பக்க ஓரமாக ஓர் ஓட்டை மிஞ்சிவிடுகிறது. அதன் வழியே குடல், இரைப்பை, மண்ணீரல், சில சமயம் ஈரலும்கூட நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நுரையீரல் வளர வேண்டிய இடம் பறிபோகிறது.

ஏறத்தாழ 2,500 முதல் 3,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. பத்தில் எட்டுக்கும் மேல் இடப்பக்க ஓட்டை. பிராக் நகரின் உடற்கூறியலாளர் வின்சென்ட் போக்டலெக் 1848-இல் இதை விவரித்தார், அதனால் பின்பக்க ஓட்டைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஓட்டையைத் தைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். டாக்டர்களும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்தார்கள். பாஸ்டன் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு இந்த ஓட்டையை மூடிக் காப்பாற்றியதை 1946-இல் வெளியிட்டார். அதன்பின் இது அவசர அறுவையாகவே இருந்தது, பிறந்த கையோடு தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் நேர்த்தியாகத் தைத்து முடித்த குழந்தைகளும் சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டு நீலம் பாரித்து இறந்துபோயின. ஏன் என்று புரியவே வெகுகாலம் ஆயிற்று. உயிரைப் பறித்தது ஓட்டை இல்லை. இடமில்லாமல் வளராமல் போன நுரையீரல்தான்.

அந்த நுரையீரல் அளவில் சிறியது என்பதோடு விஷயம் முடியவில்லை. மூச்சுக்குழாயின் கிளைகள் குறைவு, காற்றுப்பைகள் குறைவு, அவற்றைச் சுற்றி ஓடும் ரத்தக் குழாய்களும் குறைவு. இருக்கும் குழாய்களின் சுவர் தடித்துப் போயிருக்கும், சின்னத் தூண்டுதலுக்கே சுருங்கும். எனவே நுரையீரலுக்குள் ரத்த அழுத்தம் எகிறுகிறது. வழியடைத்துக் கிடப்பதால், கருவில் இருந்தபோது பயன்பட்ட பழைய குறுக்குவழிகளில் ரத்தம் திரும்பிப் பாய்ந்து, ஆக்சிஜன் ஏறாமலேயே உடம்புக்குள் போய்விடுகிறது. ஓட்டை ஒரு பக்கம் என்றாலும் மறுபக்க நுரையீரலும் ஓரளவு நெருக்குண்டுதான் வளர்ந்திருக்கும். இதயத்தின் இடப்பக்கமும் பல குழந்தைகளுக்குச் சிறுத்திருக்கும்.

1980-களில் போக்கு மாறியது. அதுவரை வென்டிலேட்டரை வேகமாக ஓட்டி, ரத்தத்தில் கரியமில வாயுவை வெகுவாகக் குறைத்து, நுரையீரல் ரத்தக் குழாய்களைத் தளர்த்தப் பார்த்தார்கள். எண்கள் அழகாக வந்தன, பிஞ்சு நுரையீரலோ அந்த அழுத்தத்தில் கிழிந்தது. நியூயார்க்கில் ஜென்-டியென் வுங் என்ற மருத்துவர் இதைத் திருப்பிப் போட்டார். கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் ஏறட்டும், நுரையீரலைக் காயப்படுத்தாமல் மெதுவாகக் காற்றைக் கொடுப்போம், அறுவையை அவசரப்படாமல் குழந்தை நிலைப்பட்டபின் செய்வோம் என்றார். இன்றைக்கு உலகெங்கும் நடைமுறையில் இருப்பது ஏறக்குறைய இதுதான். என்னைக் கேட்டால், இந்த நோயின் வரலாற்றில் எந்த இயந்திரத்தையும்விட அதிக உயிர்களைக் காத்தது இந்தப் பொறுமைதான்.

அப்படியும் சில குழந்தைகளுக்கு மெதுவான காற்று போதாது. அந்த இடத்தில்தான், ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோ இயந்திரம் வருகிறது.

தமிழ்நாட்டில் எக்மோ என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது 2016 டிசம்பரில், ஜெயலலிதாவின் கடைசி நாட்களில். பிறகு 2020-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வாரக்கணக்கில் அதில் இருந்தபோது மறுபடி கேட்டோம். இரண்டு முறையும் முடிவு துக்கம். அதனால் எக்மோ என்றாலே எல்லாம் முடிந்தபின் மாட்டும் கருவி என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிட்டது. பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் கதை வேறு. எக்மோ தன்னை நிரூபித்துக் காட்டியதே அவர்களிடம்தான்.

1975-இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அறுவை மருத்துவர், பிறக்கும்போது மலம் கலந்த பனிக்குட நீரை உள்ளிழுத்து மூச்சு நின்றுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தையை எக்மோவில் வைத்துக் காப்பாற்றினார். மெக்சிகோவிலிருந்து வந்த தாய் குழந்தையை விட்டுப் போயிருந்தார். செவிலியர்கள் எஸ்பெரான்சா என்று பெயரிட்டார்கள். ஸ்பானிஷ் மொழியில் நம்பிக்கை என்று பொருள். எக்மோவால் பிழைத்த முதல் பச்சிளங்குழந்தை அவள்தான். இரண்டே ஆண்டில், 1977-இல், அதே குழு உதரவிதான ஓட்டையுள்ள குழந்தைகளுக்கு எக்மோ கொடுத்த அனுபவத்தையும் வெளியிட்டது.

இயந்திரம் செய்யும் வேலை எளிமையானது. கழுத்தின் வலப்பக்கச் சிரையிலிருந்து கறுத்த ரத்தத்தை ஒரு குழாய் வெளியே எடுக்கிறது. பம்ப் அதைச் செயற்கைச் சவ்வு வழியே தள்ளுகிறது, அங்கே ஆக்சிஜன் ஏறி, கரியமில வாயு இறங்கி, ரத்தம் சூடாக்கப்பட்டுக் கழுத்துத் தமனி வழியே உள்ளே திரும்புகிறது. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பது மொத்தமே கால் லிட்டர் ரத்தம். குழாய்களையும் சவ்வையும் நிரப்பவே அவ்வளவு ரத்தம் வேண்டியிருக்கும் என்பதால், தானமாகப் பெற்ற ரத்தத்தால் முன்கூட்டியே நிரப்பித்தான் இணைப்பார்கள். உறையாமல் இருக்க இடைவிடாமல் ஹெப்பாரின் கொடுக்க வேண்டும். அதன் விலை, மூளையில் ரத்தம் கசியும் அபாயம். இதனால்தான் 34 வாரம் நிறையாத, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளைப் பெரும்பாலான மருத்துவமனைகள் எக்மோவில் ஏற்றத் தயங்குகின்றன.

எக்மோ எதையும் குணப்படுத்துவதில்லை. அது வாங்கித் தருவது நாட்கள். அந்த நாட்களுக்குள் நுரையீரல் அழுத்தம் இறங்க வேண்டும், இதயம் தேற வேண்டும். மலம் கலந்த நீரை இழுத்த குழந்தைக்கு நுரையீரல் முழுதாக வளர்ந்தது, அழுக்கு மட்டும்தான் நீங்க வேண்டும். அதனால் எக்மோவில் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். உதரவிதான ஓட்டையோடு பிறந்தவர்களுக்கு நுரையீரலே குறை. உலகளவில் எக்மோ மருத்துவமனைகள் 1989-இல் கூடித் தொடங்கிய அமைப்பின் பதிவேட்டில் அவர்கள் பிழைப்பு பல ஆண்டுகளாகப் பாதியைச் சுற்றியே நிற்கிறது.

"பிழைச்சிடுவானா டாக்டர்?" என்று அப்பா கேட்பார். "பாதிக்குப் பாதிங்க" என்பார் டாக்டர். இந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் எந்தப் பாதியில் இந்தக் குழந்தை இருக்கிறது என்பதுதானே அப்பாவின் கேள்வி? அதற்குப் பதில் தேடித்தான் முப்பது ஆண்டுகளாகச் சூத்திரம் மேல் சூத்திரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறக்கும் முன்பே போடும் கணக்கு

முதல் கணிப்பு ஸ்கேனில் தொடங்குகிறது. ஓட்டைக்கு எதிர்ப்பக்க நுரையீரலின் பரப்பைத் தலைச் சுற்றளவோடு ஒப்பிடும் அளவு 1996-இல் வந்தது. கருவின் வாரம் கூடக்கூட அந்த விகிதம் தானாகவே மாறும் என்பதால், அந்த வாரத்தில் இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்கும் முறை பிறகு வந்தது. இடப்பக்க ஓட்டையில் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் கடும் நிலை. ஈரல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதா என்பது அடுத்த முக்கியமான கேள்வி.

இந்த அளவை நம்பித்தான் கருவிலேயே சிகிச்சை செய்கிறார்கள். பெல்ஜியத்தின் லூவென் நகரைச் சேர்ந்த யான் டெப்ரெஸ்ட் தலைமையில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. கடும் நிலையிலுள்ள கருக்களின் மூச்சுக்குழாயில் 27 முதல் 29 வாரத்துக்குள் சின்னப் பலூனை வைத்து அடைத்தால், நுரையீரலில் ஊறும் திரவம் வெளியேற முடியாமல் தேங்கி அதை உள்ளிருந்தே விரிக்கிறது. பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனார்கள், வைக்காதவர்களில் 15 சதவீதம். நடுத்தர நிலையில் 63-க்கு 50. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லையைத் தாண்டவில்லை. குறைமாதப் பிரசவம் கூடுகிறது என்பது இதன் பக்கவிளைவு: கடும் நிலைக் குழுவில் 75 சதவீதம் பேர் குறைமாதத்தில் பிறந்தார்கள், பலூன் இல்லாதவர்களில் 29.

பிறந்த பின்

பிறந்தபின் போடும் கணக்குகளில் எளிய ஒன்று 2001-இல் வந்தது. இந்த நோய்க்கென்றே பல நாட்டு மருத்துவமனைகள் 1995-இல் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக்குழு அதைக் கட்டியது. தேவைப்படுவது இரண்டே விவரம்: பிறப்பு எடை, ஐந்தாவது நிமிட அப்கார் மதிப்பெண் (மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பத்துக்குப் போடுவது). பிறந்து ஐந்து நிமிடத்தில் கையில் கிடைக்கும் எண்களை வைத்தே நோயின் கடுமையைச் சொல்லிவிடலாம் என்பது அதன் பெருமை. அப்கார் மதிப்பெண்ணை வர்ஜீனியா அப்கார் 1953-இல் வெளியிட்டது, பிறந்த குழந்தைக்கு உடனடி உதவி தேவையா என்று பார்ப்பதற்காக. அதே எண் இந்த நோயில் நுரையீரலின் மறைமுக அளவுகோலாகிவிட்டது.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகர மருத்துவர்கள் 2007-இல் இன்னும் எளிதான ஒன்றைச் சொன்னார்கள். முதல் 24 மணி நேரத்து ரத்தப் பரிசோதனைகளில் கிடைத்த அதிகபட்ச ஆக்சிஜன் அழுத்தத்திலிருந்து அதிகபட்சக் கரியமில வாயு அழுத்தத்தைக் கழித்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆக்சிஜன் 120, கரியமில வாயு 65 என்றால் விடை கூட்டல் 55, நல்ல அறிகுறி. ஆக்சிஜன் 45-ஐத் தாண்டவேயில்லை, கரியமில வாயு 90-ஐத் தொட்டது என்றால் கழித்தல் 45. இந்தச் சூத்திரம் எனக்குப் பிடிக்கும். ஆக்சிஜனை ஏற்ற முடிகிறதா, கரியமில வாயுவை வெளியேற்ற முடிகிறதா என்று நுரையீரலிடமே நேராகக் கேட்கிறது.

2014-இல் வந்த மற்றொன்று புள்ளிகளைக் கூட்டுகிறது. குறைந்த எடை, குறைந்த அப்கார், நுரையீரலில் கடுமையான ரத்த அழுத்தம், பெரிய இதயக் கோளாறு, குரோமோசோம் கோளாறு, இவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. புள்ளியே இல்லாத குழந்தைகளில் இறப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மூன்றோ அதற்கு மேலோ வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதி. அண்மையில் இதயத்தின் இயக்கமும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. முதல் இரண்டு நாளில் எடுத்த எக்கோவை, அதாவது இதய ஸ்கேனை, வைத்து 2019-இல் வந்த ஆய்வில், இதயம் இயல்பாக இயங்கியவர்களில் 80 சதவீதம் பேர் பிழைத்தார்கள். இரண்டு பக்கமும் தளர்ந்திருந்தவர்களில் 51.

எல்லாம் நல்ல கணக்குகள். அப்புறம் என்ன சிக்கல்?

கப்பியைச் சலிப்பது

மாவு சலித்த யாருக்கும் இது புரியும். அரைத்த மாவைச் சல்லடையில் போட்டால் நயமானது கீழே இறங்கும், கப்பி மேலே நிற்கும். சல்லடை நன்றாக வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. இப்போது அந்தக் கப்பியை மட்டும் எடுத்து மறுபடி அதே சல்லடையில் போட்டால் என்ன பிரியும்? அநேகமாக ஒன்றும் பிரியாது. சல்லடையில் கோளாறு இல்லை. அது பிரிக்கக்கூடியதை ஏற்கெனவே பிரித்துவிட்டது.

மேலே சொன்ன சூத்திரங்கள் எல்லாமே உதரவிதான ஓட்டையோடு பிறந்த அத்தனை குழந்தைகளையும் வைத்துக் கட்டியவை. அந்தக் கூட்டத்தில் லேசான ஓட்டையுள்ள, வென்டிலேட்டரே அதிகம் தேவைப்படாத குழந்தையும் உண்டு, நுரையீரலே இல்லாத குறையாகப் பிறந்த குழந்தையும் உண்டு. அவ்வளவு அகலமான வித்தியாசத்தைப் பிரிப்பது சுலபம். எக்மோவுக்கு வருவதோ சலித்தபின் நிற்கும் குழந்தைகள்.

எக்மோவில் ஏற்றும் முடிவை எடுக்கும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பொதுவாகப் பார்க்கும் எண் ஒன்று உண்டு: வென்டிலேட்டரின் சராசரி அழுத்தத்தை ஆக்சிஜன் சதவீதத்தால் பெருக்கி, ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தால் வகுப்பது. அழுத்தம் 16, நூறு சதவீத ஆக்சிஜன், ரத்தத்தில் கிடைப்பது 40 மட்டுமே என்றால் விடை 40. சில மணி நேரம் 40-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் எக்மோவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆகவே எக்மோவில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த எண் மோசமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரேபோல மோசமாக இருக்கும் எண், அவர்களுக்குள் யார் பிழைப்பார் என்று எப்படிச் சொல்லும்?

மறுபக்கச் சல்லடையும் உண்டு. மிக மோசமான சில குழந்தைகளுக்கு எக்மோ கொடுப்பதேயில்லை. குரோமோசோம் கோளாறு, மூளையில் ரத்தக்கசிவு, அல்லது நுரையீரலால் ஒரு முறைகூட ரத்தத்தை நல்ல நிலைக்குக் கொண்டுவர முடியாதது போன்ற காரணங்களால் அவர்கள் ஒதுக்கப்படுகிறார்கள். மேலேயும் வெட்டி, கீழேயும் வெட்டியபின் மிஞ்சும் நடுத்துண்டுதான் எக்மோ குழந்தைகள்.

முதல் நாள் ரத்தப் பரிசோதனையை நம்பும் சூத்திரத்துக்கு இன்னொரு சிக்கல். குழந்தை ஆறாவது மணி நேரத்திலேயே எக்மோவில் ஏறிவிட்டால், மிச்சமுள்ள பதினெட்டு மணி நேரத்தின் ஆக்சிஜன் யாருடையது? இயந்திரத்தினுடையது. அதைக் கணக்கில் சேர்த்தால் விடை பொய்யாக நன்றாக வரும்.

எக்மோ குழந்தைகளை மட்டுமே வைத்துக் கட்டிய சூத்திரங்களும் இருக்கின்றன. 2018-இல் வெளிவந்த ஒன்று, அந்த உலகப் பதிவேட்டிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் பாதிக்குச் சற்று மேல் இறந்திருந்தார்கள். எக்மோவுக்கு முன் தெரிந்த விவரங்களை மட்டும் வைத்துக் கட்டிய சூத்திரத்தின் திறமை 0.65. அதாவது, பிழைத்த ஒரு குழந்தையையும் இறந்த ஒரு குழந்தையையும் ஜோடியாக எடுத்து இருவரில் யாருக்கு அபாயம் அதிகம் என்று கேட்டால், 100 ஜோடியில் 65-ஐச் சரியாகச் சொல்லும். காசைச் சுண்டினாலே 50 சரியாக வரும். எக்மோ ஓடும்போது தெரியவரும் விவரங்களையும் சேர்த்தபோது 0.73 ஆயிற்று.

இதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நான் பெற்றோரிடம் சொல்ல விரும்புவேன். சூத்திரம் உச்ச அபாயம் என்று குறித்த குழுவில், அதைக் கட்டப் பயன்படுத்திய குழந்தைகளிடையே இறப்பு 87 சதவீதம். சூத்திரம் முன்பின் பார்த்திராத குழந்தைகளிடம் சோதித்தபோது அது 75 ஆயிற்று. தெரிந்த கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும் மாணவன் புதுக் கேள்வியில் சறுக்குவது போலத்தான். எல்லாரையும்விட மோசம் என்று சூத்திரம் முத்திரை குத்திய குழந்தைகளிலும் நாலில் ஒன்று வீட்டுக்குப் போனது.

நாட்களை எண்ணுவதில் உள்ள ஏமாற்று

எக்மோவில் நாள் கூடக்கூடப் பிழைப்பு குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு வாரம் தாண்டினால் நம்பிக்கை குறைவு என்பது வெகுநாள் வழக்கிலிருந்த எண்ணம். எண்கள் உண்மைதான். ஆனால் அதன் காரணத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நுரையீரல் ஓரளவு நன்றாக இருக்கும் குழந்தை ஒரு வாரத்தில் தேறி இயந்திரத்தைவிட்டு இறங்கிவிடுகிறது. தேறாதது தங்குகிறது. எனவே பதினைந்தாம் நாளில் எக்மோவில் இருப்பவை மெதுவாகத் தேறும் குழந்தைகளும் தேறவே தேறாத குழந்தைகளும். நாள் அவர்களைக் கொல்லவில்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இரண்டு வாரம்தான் எல்லை என்று ஒரு மருத்துவமனை நம்பினால், பதினான்காம் நாளில் இயந்திரத்தை நிறுத்திவிடும். குழந்தை இறக்கும். பதிவேட்டில் அது "இரண்டு வாரத்துக்கு மேல் பிழைக்கவில்லை" என்று ஏறும். அடுத்து வரும் ஆய்வாளர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு மேல் பயனில்லை என்று எழுதுவார். நம்பிக்கை தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டேவிட் கேஸ் போன்ற அறுவை மருத்துவர்கள் அந்த எல்லையை ஏற்காமல் தொடர்ந்து ஓட்டினார்கள். வாரங்கள் கடந்தபின்னும் ஒரு பகுதிக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

அறுவையை எப்போது செய்வது என்ற விவாதத்திலும் இதே வலை விரிந்திருக்கிறது. எக்மோ முடிந்தபின் ஓட்டையைத் தைத்தவர்களின் பிழைப்பு விகிதம், எக்மோ ஓடும்போதே தைத்தவர்களைவிட நன்றாக இருக்கிறது. ஹெப்பாரின் ஓடும் உடம்பில் கத்தி வைத்தால் ரத்தப்போக்கு அபாயம் இருக்கிறது என்பதும் உண்மை. அதனால் பொறுத்திருந்து தைப்பதே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? எக்மோவைவிட்டு இறங்கியபின் தைப்பதற்கு, முதலில் குழந்தை எக்மோவைவிட்டு உயிரோடு இறங்க வேண்டும். இறங்க முடியாமல் இறந்தவர்கள் அந்தக் குழுவில் சேரவே மாட்டார்கள். பரீட்சையில் தேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இந்தப் பள்ளியில் எல்லோரும் தேர்ச்சி என்பது மாதிரி. அதனால் சில மருத்துவமனைகள், எக்மோவில் ஏறிய முதல் மூன்று நாளுக்குள், உடம்பு வீங்குவதற்கு முன்பே தைத்துவிடுகின்றன. எனக்கு அவர்கள் வாதம் வலுவாகத் தெரிகிறது. தைக்கவேபடாமல் இறக்கும் குழந்தைகளை அவர்கள் கணக்கிலிருந்து விடுவதில்லை.

ஒரு மருத்துவமனையின் பிழைப்பு விகிதத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவின் மைக்கேல் ஹாரிசன் 1978-இலேயே இதற்கு "மறைந்திருக்கும் இறப்பு" என்று பெயர் வைத்தார். பிரசவமும் அங்கேயே நடக்கும் மருத்துவமனையில், முதல் ஒரு மணி நேரத்தில் இறக்கும் குழந்தையும் கணக்கில் வரும். வேறு ஊரில் பிறந்து, ஆம்புலன்ஸ் பயணத்தையும் தாங்கி, இரண்டாம் நாளில் வந்து சேரும் குழந்தைகளை மட்டும் பார்க்கும் மருத்துவமனையின் எண்ணிக்கை இயல்பாகவே பளபளக்கும். அங்கே வந்துசேராத குழந்தைகளை யாரும் எண்ணவில்லை.

எக்மோ இந்தக் குழந்தைகளுக்கு உதவுகிறதா என்பதையே சரியாகச் சோதித்தது பிரிட்டனில், 1996-இல் வெளிவந்த ஆய்வு. மொத்தம் 185 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்தால் எக்மோவின் பயன் சந்தேகமில்லாமல் தெரிந்தது: எக்மோ குழுவில் 93 பேரில் 30 பேர் இறந்தார்கள், மற்றதில் 92 பேரில் 54 பேர். உதரவிதான ஓட்டையுள்ளவர்கள் அதில் 35 பேர்தான். எக்மோ பெற்ற 18 பேரில் 14 பேர் இறந்தார்கள். பெறாத 17 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நாலு உயிர் பெரிதா சிறிதா என்று அன்றிலிருந்து விவாதம் நடக்கிறது. அந்தக் காலத்து வென்டிலேட்டர் முறையும் இன்றையதும் வேறு வேறு என்பதால் அந்த எண்ணை இன்றைய குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது.

அப்படியானால் இந்தச் சூத்திரங்கள் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே அளவு அபாயமுள்ள குழந்தைகளை இரண்டு மருத்துவமனைகள் எப்படிக் கையாள்கின்றன என்று ஒப்பிட இவை வேண்டும். புது மருந்தைச் சோதிக்கும்போது இரு குழுவும் சமமா என்று பார்க்க வேண்டும். பிறக்கும் முன்பே கடும் நிலை என்று தெரிந்தால் எக்மோ உள்ள ஊருக்குத் தாயை அனுப்ப முடியும், அது எத்தனையோ உயிரைக் காக்கும். கணிப்பின் உண்மையான பயன் அங்கேதான் என்பது என் கருத்து. தொட்டிலருகே நின்று, இந்தக் குழந்தைக்கு எக்மோ வேண்டாம் என்று சொல்ல மட்டும் 0.65 போதாது. நூற்றில் முப்பத்தைந்து ஜோடியைத் தப்பாகச் சொல்லும் கருவியின் பேரில் ஒரு கதவை அடைக்கக் கூடாது.

நல்ல குழுக்கள் என்ன செய்கின்றன என்றால், எண்ணை ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. எக்மோவில் ஏறும்போது ஒரு பேச்சு. மூன்றாம் நாள் எக்ஸ்ரேயும் எக்கோவும் பார்த்தபின் இன்னொரு பேச்சு. நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளையாக அடைந்துகிடந்த இடத்தில் கொஞ்சம் கறுப்பு, அதாவது காற்று, தெரிகிறதா? நுரையீரல் அழுத்தம் உடம்பின் அழுத்தத்தைவிடக் கீழே வந்துவிட்டதா? தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையே? சிறுநீர் போகிறதா? முதல் நாள் போட்ட எந்தக் கணக்கையும்விட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும். அறுவையின்போது கண்ணால் பார்க்கும் ஓட்டையின் அளவும் அப்படித்தான். அதை நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். மிகச் சிறிய வகையில் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள், ஒரு பக்க உதரவிதானமே இல்லாத வகையில் பாதிக்குச் சற்று மேல். அப்புறம் பம்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கும் சோதனை. இயந்திரம் கிட்டத்தட்ட ஓடாத நிலையில் குழந்தையின் சொந்த நுரையீரல் என்ன செய்கிறது என்று அப்போதுதான் நேரடியாகத் தெரியும். முதல் முறை தேறாத குழந்தை நாலு நாள் கழித்துத் தேறுவதும் உண்டு.

பெற்றோர் கேட்கலாமா என்று தயங்கும் கேள்விகள் சில உண்டு, தயங்காமல் கேட்கலாம். இந்த மருத்துவமனையில் வருடத்துக்கு இப்படி எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறீர்கள்? நீங்கள் சொல்லும் சதவீதம் உலகப் பதிவேட்டினுடையதா, உங்களுடையதா? அதில் எக்மோ மறுக்கப்பட்டவர்களும் சேர்த்தியா? எந்த நிலை வந்தால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவீர்கள், நாளை வைத்தா, குழந்தையின் நிலையை வைத்தா? நிதானமாகப் பதில் சொல்லும் டாக்டர் அமைந்தால் அது பெரிய ஆறுதல்.

இந்தக் கணக்குகள் எல்லாமே பிழைப்பு என்று குறிப்பது பெரும்பாலும் உயிரோடு டிஸ்சார்ஜ் ஆவதை. குடும்பத்துக்கு அன்றைக்குத்தான் அடுத்த கட்டம் தொடங்குகிறது. வாய்வழியே பால் குடிக்கப் பழகுவது, எதுக்களிப்பு, எடை ஏறாமை, அடிக்கடி வரும் நெஞ்சுச் சளி, ஒட்டுப்போட்ட இடம் மறுபடி பிரிவது, நடக்கவும் பேசவும் தாமதமாவது என்று பல உண்டு. செவித்திறன் குறை இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது. பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் முதல் செவிச் சோதனையில் தேறிய குழந்தைக்கும் மாதங்கள் கழித்துக் கேட்கும் திறன் மெல்ல மங்கலாம். பேச்சு ஏன் வரவில்லை என்று வீட்டில் யோசிக்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். அதனால் எக்மோவிலிருந்து வீட்டுக்கு வந்த குழந்தைக்கு, சத்தம் கேட்டுத் திரும்புகிறதே என்று விட்டுவிடாமல், பள்ளிக்குப் போகும் வயது வரை செவிச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதிகள் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.